மூடி கசிந்த கதை: தொங்குவானில் ஆறு நாள்

முதல் நாள், ஞாயிறு

சாங்கி விமான நிலையத்தில் என் பையை ஸ்கேன் செய்த அதிகாரி என்னை ஓரமாகக் கூப்பிட்டார். உள்ளே பதினொரு அலுமினிய மூடிகள், ஓர் அலுமினியக் குழாய், மேலே முள் மீட்டர் வைத்த ஒரு கைப்பம்பு. “ரத்த அழுத்தம் பார்ப்பதா?” என்றார். கிட்டத்தட்ட அதுதான், ஆனால் மூடிகளுக்குப் பார்ப்பது என்றேன். சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

விஷயம் இதுதான். சிங்கப்பூரில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து, கடலில் மிதக்கும் மீன் பண்ணைகளுக்காக ஒரு கருவி செய்கிறோம். தண்ணீரில் ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது என்று ராத்திரி பகலாக அளந்து பதிவு செய்யும். விடிவதற்கு முந்தைய நேரத்தில்தான் ஆக்சிஜன் அடிமட்டத்துக்குப் போகும். பண்ணைக்காரர் எழுந்து பார்ப்பதற்குள் மீன் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கும். கருவியின் மின்னணுப் பலகை 90 மி.மீ. விட்டமுள்ள அலுமினியக் குழாய்க்குள் இருக்கிறது. குழாய்க்கு ஒரு மூடி, மூடியில் வட்டமாக ஒரு பள்ளம், பள்ளத்தில் தண்ணீரை அடைக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம். அவ்வளவுதான் டிசைன்.

சீனாவின் தொங்குவான் நகரத்து நிறுவனம் ஒன்றிடம் 60 செட் கடைந்து வாங்கினோம். பார்க்க நகை மாதிரி இருந்தது. மூன்று மீட்டர் ஆழத்தில் இறக்கியதும் அதில் பதினொன்று தண்ணீர் குடித்துவிட்டன. ஒரு மாதம் மெயிலில் மாறி மாறிப் புகைப்படம் அனுப்பிப் பார்த்தோம். “தரம் எங்கள் உயிர்” என்று ஒவ்வொரு பதிலிலும் வந்தது, காரணம் மட்டும் வரவில்லை. சரி, நேரிலேயே போய்ப் பார்த்துவிடலாம் என்று கிளம்பிவிட்டேன்.

ஏன் கோயம்புத்தூரில் கொடுக்கவில்லை என்று அப்பா இன்னமும் கேட்கிறார். கணபதியில் முப்பது வருடம் லேத் பட்டறை வைத்திருந்தவர், கேட்கத்தான் செய்வார். இரண்டு பட்டறைகளில் கேட்டேன். வேலை தெரிந்தவர்கள், ஆனால் பம்ப் கம்பெனி ஆர்டரே மாதக்கணக்கில் கையில் இருக்கும்போது அறுபது பீஸுக்கு யார் மெஷினை நிறுத்தி செட்டிங் மாற்றுவார்கள்? தொங்குவானில் ஐந்து பீஸ் கேட்டாலும் மறுநாளே விலை வந்துவிடுகிறது.

சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுக்கு 2024 பிப்ரவரியிலிருந்து முப்பது நாள் வரை விசா வேண்டாம். நாலு மணி நேர விமானம், கடிகாரத்தைக்கூடத் திருப்ப வேண்டியதில்லை, இரண்டு ஊருக்கும் ஒரே நேரம். ஷென்ஜென் விமான நிலையக் கூரை முழுக்கத் தேன்கூடு மாதிரி அறுகோண ஓட்டைகள். அங்கிருந்து மெட்ரோ 11ஆம் தடத்தில் கடைசி நிலையம் பித்தோவ். வெளியே வந்து கார் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் சாங்ஆன், தொங்குவானைச் சேர்ந்த ஊர். ஹோட்டல் ஜன்னலுக்குக் கீழே ராத்திரி பத்து மணிக்கும் ஒரு பட்டறை ஓடிக்கொண்டிருக்கிறது. அலுமினியத்தை வேகமாகச் சீவும்போது வரும் அந்தக் கீச்சுச் சத்தம் எனக்குத் தாலாட்டு மாதிரி. தூங்கப் போகிறேன்.

இரண்டாம் நாள், திங்கள்

தொங்குவானைப் பற்றி ஒரு விசித்திரம். சீனாவில் இந்த அளவு நகரத்துக்குக் கீழே மாவட்டங்கள் இருக்கும். இங்கே அது கிடையாது, நகராட்சிக்கு அடுத்தபடி நேராக ஊர்கள்தான். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு தொழில். நம் பக்கத்தில் சிவகாசி என்றால் பட்டாசு, திருப்பூர் என்றால் பனியன் என்கிற மாதிரி, சாங்ஆன் என்றால் அச்சு வார்ப்பும் உலோக உதிரிகளும். ஓப்போ, விவோ இரண்டு போன் கம்பெனிகளின் தலைமையகமும் இதே ஊரில்தான். ஆப்பிள் 2008இல் மடிக்கணினி உடலை ஒரே அலுமினியக் கட்டியிலிருந்து குடைந்து எடுக்க ஆரம்பித்தது. பிறகு போன்களும் அந்த வழிக்குப் போயின. அதற்காக இந்தப் பகுதியில் வந்து இறங்கிய, கணினி சொல்படி உலோகம் கடையும் சிஎன்சி மெஷின்களுக்குக் கணக்கில்லை. என்னைப் போன்ற அறுபது பீஸ் ஆசாமிக்கும் இங்கே இடம் கிடைப்பது அந்தப் பெரிய அலையின் மிச்சத்தால்தான் என்று நினைக்கிறேன்.

காலையில் நான் பணம் அனுப்பிய நிறுவனத்தின் முகவரிக்குப் போனேன். இணையத்தில் அவர்கள் போட்ட வீடியோவில் நாற்பது மெஷின்கள் வரிசையாக நிற்கும். முகவரியில் இருந்தது ஏழாவது மாடி, நான்கு மேஜை, ஒரு மீன் தொட்டி. மெஷின் என்று பார்த்தால் காப்பி மெஷின் ஒன்று.

ஒரு மாதமாக என்னோடு மெயிலில் பேசிய பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். நான் நேரில் வருவேன் என்று எதிர்பார்க்கவே இல்லை, முகம் வெளுத்துவிட்டது. டீ ஊற்றினார். இந்தப் பக்கத்தில் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் வடிகால் வைத்த மரத் தட்டு ஒன்று இருக்கும். அதில் சின்னக் கிண்ணங்கள், கொதிக்கும் தண்ணீர். ஊற்றும்போது இரண்டு விரலால் மேஜையைத் தட்டினால் நன்றி என்று அர்த்தம். தட்டினேன். அவர் முகம் கொஞ்சம் இளகியது.

“தொழிற்சாலை எங்கே?” என்றேன்.

“எங்கள் பார்ட்னர் தொழிற்சாலை” என்றார்.

கோபம் வந்தது. ஆனால் அவர் பொறுமையாக விளக்கியதில் நியாயமும் இருந்தது. கடையும் பட்டறைக்காரர் உள்ளூரில் யுவானில் விற்பவர். வெளிநாட்டுப் பணம் வாங்குவது, ஏற்றுமதிச் சுங்கப் பத்திரம், பெட்டி கட்டி அனுப்புவது எல்லாம் இவர்கள் வேலை. இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. இங்கே விலை கேட்டால் வரியோடா, வரியில்லாமலா என்று முதலில் கேட்க வேண்டும். சீனாவின் மதிப்புக் கூட்டு வரி 13 சதவீதம். போன வருடம் நான் ஐந்து பேரிடம் விலை வாங்கி, குறைவானதைத் தேர்ந்தெடுத்ததாகப் பெருமைப்பட்டேனே, அதில் யார் விலையில் வரி இருந்தது, யார் விலையில் இல்லை என்று இப்போது யோசிக்கக்கூட விருப்பமில்லை.

நாளைக்குப் பட்டறைக்குக் கூட்டிப் போவதாக ஒப்புக்கொண்டார். அதற்கு முன்னால் உள்ளே போய் அவருடைய முதலாளியோடு அரை மணி நேரம் பேசினார். குரல் மட்டும் கேட்டது.

மூன்றாம் நாள், செவ்வாய்

இன்றைக்கு நீளமாக எழுதப் போகிறேன்.

பட்டறை ஒரு சந்துக்குள். கனமான மெஷின்கள் என்பதால் இந்தச் சந்தில் கீழ்த்தளம் முழுக்கக் கடைசல், மேல் மாடிகளில் பேக்கிங்கும் ஆள் தங்கும் அறைகளும். சந்து நெடுக கட்டர் விற்கிற கடை, போல்ட் விற்கிற கடை, அட்டைப்பெட்டிக் கடை. மூன்று சக்கர வண்டிகளில் கடைந்த சாமான்களைப் பிளாஸ்டிக் கூடையில் அடுக்கி, அலுமினியத்துக்கு மின்சாரத்தால் பூச்சு ஏற்றும் ஆனோடைசிங்குக்கு ஓட்டிக்கொண்டு போகிறார்கள். கூலண்ட் எண்ணெய் வாசனை. கண்ணை மூடிக்கொண்டால் கணபதிதான்.

ஒன்பது மெஷின், ஆறு ஆள். முதலாளியை எல்லோரும் லாவோபான் என்கிறார்கள், முதலாளி என்பதற்கு அங்கே அதுதான் சொல். அவர் மனைவிதான் அளவு பார்ப்பவர். இருவருக்கும் ஆங்கிலம் கிடையாது. போனில் மொழிபெயர்ப்பு, இடையிடையே என்னைக் கூட்டி வந்த நம் மெயில் பெண்.

கசிந்த மூடி ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். லாவோபான் வெர்னியரை எடுக்கவில்லை. மூடியை ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்து, ஆள்காட்டி விரல் நகத்தைப் பள்ளத்தின் அடியில் வைத்து மெதுவாக ஒரு சுற்று ஓட்டினார். முக்கால் சுற்றில் நகம் நின்றது. இன்னொன்று. அதே இடத்தில் நின்றது. பதினொன்றையும் அப்படியே பார்த்துவிட்டு மூடிகளைக் கீழே வைத்தார்.

நானும் தடவிப் பார்த்தேன். ஒரு மயிரிழைப் படி. கட்டர் பள்ளத்துக்குள் முதலில் இறங்கிய இடம். எண்ட் மில் என்ற அந்தக் கட்டரை நேராகக் கீழே குத்தி இறக்கி, அங்கிருந்து வட்டமாக ஓட்டியிருக்கிறார்கள். குத்திய இடத்தில் சின்னக் குழி, சுற்றி வந்து சேரும் இடத்தில் ஒரு கோடு. அந்தக் கோடு பள்ளத்தின் குறுக்கே, உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கத்துக்குப் போகிறது. வட்டத்தோடு வட்டமாக ஓடும் கீறல் எத்தனை இருந்தாலும் ஓ-ரிங் சமாளித்துவிடும். குறுக்கே ஒன்றே ஒன்று இருந்தால் போதும், தண்ணீருக்கு அது வாய்க்கால்.

அங்கேயே நின்றபடி அப்பாவுக்கு போன் போட்டேன். வீடியோவில் பார்த்தார்.

“டூலை எங்க இறக்குனாங்க?”

“பள்ளத்துக்குள்ளயேதான்ப்பா.”

“நேராக் குத்துனா குழி உழுகத்தான் செய்யும் கண்ணு. வட்டத்தோடயே சாய்ச்சுச் சாய்ச்சு இறக்கச் சொல்லு. கடைசிச் சுத்து தனியா, ஒரு முடி அளவு எடுத்தாப் போதும். சேர்ற எடத்தைத் தாண்டி இன்னுங்கொஞ்சம் ஓட்டிட்டு மேல தூக்கச் சொல்லு.”

லாவோபான் போனை எட்டிப் பார்த்தார். அப்பா காற்றில் விரலைச் சுழற்றி இறக்கிக் காட்டினார். லாவோபானும் அதே மாதிரி சுழற்றிக் காட்டினார். மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

அப்புறம்தான் நான் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். பள்ளத்தின் அடியில் கட்டர் தடம் இருக்கக் கூடாது, சொரசொரப்பு அளவான ஆர்ஏ 0.8க்கு மேல் போகக் கூடாது என்று நான் வரைபடத்தில் எழுதியிருந்தேனே?

அவர் மனைவி ஒரு ஃபைலைக் கொண்டுவந்தார். மூடியின் வரைபடம், நான் போட்டதுதான், என் அளவுகள்தான். ஆனால் வலது கீழ் மூலை வெறும் வெள்ளை.

வரைபடம் பழக்கமில்லாதவர்களுக்கு: அந்த மூலையில்தான் டைட்டில் பிளாக் என்ற கட்டம் இருக்கும். கம்பெனி பெயர், பாகத்தின் பெயர், உலோகம், பொதுவான அளவு விலக்கம். நான் இடம் இருக்கிறதே என்று என் நான்கு முக்கியமான குறிப்புகளையும் அந்தக் கட்டத்துக்குள்ளேயே எழுதி வைத்திருந்தேன். பள்ளம் பற்றியது ஒன்று. ஆனோடைசிங் ஆன பிறகு மரை வெட்டக் கூடாது என்பது ஒன்று. ஆனோடைசிங் கிளிப் எந்த இடத்தில் பிடிக்க வேண்டும் என்பது ஒன்று. உலோகச் சான்று ஒன்று.

மூலை போனதோடு நான்கும் போயின.

நம் பெண்ணைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். கம்பெனி பெயர் இருந்தால் பட்டறைக்காரர் வாடிக்கையாளரை நேராகத் தொடர்புகொண்டுவிடுவார் என்று எல்லா வரைபடத்திலும் அந்த மூலையை வெட்டிவிடுவது அவர்கள் அலுவலக வழக்கமாம். யார் வாடிக்கையாளர் என்று பட்டறைக்காரருக்குத் தெரியக் கூடாது என்று வெட்டியது. இப்போது அந்த வாடிக்கையாளர் பட்டறைக்காரரின் ஸ்டூலில் உட்கார்ந்து அவர் கொடுத்த ஆரஞ்சை உரித்துக்கொண்டிருக்கிறான். முதலில் சிரித்தது லாவோபானின் மனைவி. அடக்க முடியவில்லை, எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நம் பெண்ணுக்கு மட்டும் வரவில்லை, பாவம்.

அந்தச் சிரிப்பில் என் தப்பு மறைந்துவிடக் கூடாது. பள்ளத்துக்கான குறிப்பைப் பள்ளத்துக்கே ஓர் அம்புக்குறி போட்டு அதன் பக்கத்தில் எழுதியிருந்தால் யாராலும் வெட்டியிருக்க முடியாது. படித்தது மெக்கானிக்கல், வளர்ந்தது பட்டறையில். எழுதியதென்னவோ மூலையில்.

மத்தியானம் ஐந்து மூடிகளைப் புதிதாகக் கடைந்தார்கள். நான் பக்கத்திலேயே நின்றேன். கட்டர் சுழற்படியில் இறங்குகிற மாதிரி பள்ளத்தில் இறங்கியது. கடைசிச் சுற்றுக்குப் புது கட்டர் மாட்டச் சொன்னார் லாவோபான். ஒரு மூடிக்கு அரை நிமிடம்போல அதிகம் பிடித்தது. எடுத்து நகத்தை ஓட்டினேன். எங்கேயும் நிற்கவில்லை.

கிளம்பும்போது மெல்ல, நேராக அவரிடமே வாங்கினால் என்ன விலை என்று கேட்க வாயெடுத்தேன். அவர் நம் பெண்ணின் முதுகைப் பார்த்துவிட்டுக் கையை ஆட்டினார். அந்த அலுவலகத்தோடு அவருக்குப் பத்து வருடப் பழக்கமாம். சரி என்று விட்டுவிட்டேன். எனக்கும் சுங்கப் பத்திரம் போடத் தெரியாது.

நான்காம் நாள், புதன்

மூன்று சக்கர வண்டியின் பின்னால் காரில் போய், ஆனோடைசிங் பார்த்துவிட்டு வந்தேன். கண் எரிச்சல் இன்னும் போகவில்லை.

வரிசையாகத் தொட்டிகள். முதலில் காரத்தில் முக்கி மேல்தோலை அரிக்கிறார்கள். கறுத்து வெளியே வரும். அமிலத்தில் முக்கினால் மறுபடி வெளுக்கும். அப்புறம் கந்தக அமிலத் தொட்டியில் மின்சாரம். சாதாரண ஆனோடைசிங்குக்கு அமிலம் 20 டிகிரி அளவில் இருந்தால் போதும். எங்களுக்கு வேண்டியது ஹார்ட் ஆனோடைசிங், அதற்கு அமிலத்தை உறைநிலைக்குப் பக்கத்தில் குளிர வைக்கிறார்கள். தொட்டிக்கு வெளியே பனி படிந்த குழாய்கள். உள்ளே மூடிகள் வெள்ளியிலிருந்து கருஞ்சாம்பலுக்கு மாறிக்கொண்டிருந்தன.

இந்தப் பூச்சு பெயிண்ட் மாதிரி மேலே மட்டும் உட்காருவதில்லை. அலுமினியமே மாறுகிறது. 50 மைக்ரான் என்றால் பாதி உள்ளே இறங்கும், பாதி வெளியே வளரும். பள்ளத்தின் ஆழம் மாறாது, அடியும் மேல்முகமும் சேர்ந்தே வளர்வதால். அகலம் குறையும். மரைக்குத்தான் ஆபத்து. சாய்வான பக்கங்கள் என்பதால் அங்கே வித்தியாசம் நான்கு மடங்காகி, 25 மைக்ரான் வளர்ச்சிக்கு 0.1 மி.மீ. இறுகிவிடும். எம்4 ஸ்க்ரூ உள்ளே போகாது.

போகவில்லை என்று போன தடவை என்ன செய்திருக்கிறார்கள்? பூச்சுக்குப் பிறகு திரும்ப, மரை வெட்டும் கருவியான டேப்பைப் போட்டு மரையைச் சுத்தம் செய்திருக்கிறார்கள். பூச்சு போய் வெறும் அலுமினியம் வெளியே வந்துவிட்டது. அதில் ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூவை முடுக்கி நாங்கள் கடலில் இறக்கினோம். உப்புத் தண்ணீரில் இரண்டும் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம்தான் அரிக்கும். கசியாத மூடிகளில்கூட ஸ்க்ரூ தலையைச் சுற்றிக் கிணற்றுச் சுவரில் உப்புப் பூத்த மாதிரி வெள்ளைப் பொடி வந்ததற்கு இன்றைக்குத்தான் காரணம் தெரிந்தது. இந்த முறை பூச்சுக்கு முன்பே பெரிய அளவு டேப் போட்டிருக்கிறார் லாவோபான்.

கிளிப் விஷயமும் கண்ணால் பார்த்தேன். மின்சாரம் போக எங்காவது உலோகத்தைப் பிடித்தே ஆக வேண்டும், பிடித்த இடத்தில் பூச்சு ஏறாது. போன முறை வெளி விளிம்பில் பிடித்திருக்கிறார்கள். இந்த முறை தண்ணீர் படாத உள்பக்கத்தில். மூடியைக் காட்டி விரலை வைத்துச் சொன்னேன், தொட்டிக்காரர் தலையாட்டி டைட்டானியம் கிளிப்பை அங்கே அழுத்தினார். ஒரு நிமிட வேலை.

ஐந்தாம் நாள், வியாழன்

காத்திருப்பு. பூச்சு ஆன சாமான் நாளைதான் வரும்.

ஒரே உருப்படியான வேலை: உலோகம் என்ன ரகம் என்று பார்க்க, கையில் பிடிக்கிற எக்ஸ்ரே துப்பாக்கி வைத்திருக்கும் ஒரு கடைக்குப் பழைய மூடியையும் புதியதன் துண்டையும் கொண்டுபோனேன். நான் கேட்டது 6061. பயந்தது, அதற்குப் பதில் 2000 வரிசை அலுமினியம் வந்திருக்குமோ என்று. அது கடைய அருமையாக இருக்கும், வலுவும் அதிகம், ஆனால் பெரும்பாலும் நான்கு சதவீதம் அளவில் செம்பு இருக்கும். உப்புத் தண்ணீரில் அந்தச் செம்புதான் எமன். 6061இல் செம்பு 0.4 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இரண்டிலுமே 0.3க்குக் கீழே காட்டியது. லாவோபானைச் சந்தேகப்பட்டதற்கு மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

மத்தியானம் கையால் இழுத்த நூடுல்ஸ். மாவை ஒரு தட்டுத் தட்டி இழுத்து மடித்து இழுத்து மடித்து, நம் ஊர் பரோட்டா மாஸ்டருக்குத் தம்பி மாதிரி. சிங்கப்பூரிலிருந்து கூட்டாளி போன். “அண்ணே, பண்ணைக்காரர் தினம் கேக்குறாரு. என்ன சொல்ல?” வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்று சொல் என்றேன்.

ஆறாம் நாள், வெள்ளி

காலை ஒன்பது மணிக்கே பட்டறைக்குப் போய்விட்டேன். ஐந்து மூடிகளும் செய்தித்தாளில் சுற்றி மேஜையில் இருந்தன.

ஓ-ரிங்குக்கு சிலிகோன் கிரீஸ் தடவி, நான் கொண்டுவந்த குழாயில் முதல் மூடியை மாட்டி, எதிரெதிராக ஸ்க்ரூவை முடுக்கி, குழாயின் அடியில் இருக்கும் துளையில் கைப்பம்பை இணைத்தேன். உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சினால் வெளிக்காற்று மூடியை அழுத்தும். முள் மைனஸ் 0.5 பார் வரை போனது. ஐந்து மீட்டர் ஆழத்துக்குச் சமம். போனில் பதினைந்து நிமிடம் வைத்தேன்.

லாவோபான் ஒரு மெஷினை ஆளிடம் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். மனைவி டீ ஊற்றினார். முள்ளையே நான்கு பேர் பார்த்துக்கொண்டிருந்தோம். அசையவில்லை. இரண்டாவது, மூன்றாவது. நான்காவதில் முள் நகர ஆரம்பித்ததும் என் வயிறு புரண்டது. கழற்றிப் பார்த்தால் ஓ-ரிங் மேல் செய்தித்தாளின் நார் ஒன்று. துடைத்து மாட்டியதும் நின்றது. ஐந்தாவதும் நின்றது. அப்பாவுக்கு முள்ளின் படத்தை அனுப்பினேன். கட்டை விரல் ஒன்று வந்தது, வேறு ஒன்றும் இல்லை.

அறுபது மூடிகளும் புதிதாக. பதினொன்று அவர்கள் செலவு என்று பேசி முடித்தேன். மீதி நாற்பத்தொன்பதில் மரைக் கோளாறு பாதி அவர்கள் செலவு, பாதி என் செலவு. வாதாடியிருக்கலாம். ஆனால் அந்த மூலையில் எழுதியது நானும்தானே.

புதிய வரைபடத்தை நேற்று ராத்திரி ஹோட்டலில் உட்கார்ந்து மாற்றியிருந்தேன். ஒவ்வொரு குறிப்புக்கும் ஓர் அம்பு, நேராக அந்தந்த இடத்துக்கு. நம் பெண் அதை அச்செடுத்துக் கையெழுத்துக்குக் கொண்டுவந்தார். முதலில் வலது கீழ் மூலையைத்தான் பார்த்தேன். வெட்டவில்லை. உலோகம், அளவு விலக்கம், தேதி எல்லாம் இருந்தது. எங்கள் கம்பெனி பெயர் மீது மட்டும் கறுப்பு மார்க்கரால் இரண்டு தடவை அழுத்திப் பூசியிருந்தார்.

லாவோபான் பக்கத்திலேயே உட்கார்ந்து என் விசிட்டிங் கார்டால் பல் குத்திக்கொண்டிருந்தார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.